ஓடுவதற்கு முன் காலை இழுத்துப் பிடிக்க வேண்டுமா?

கேள்வி: வயது 43. வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், ஞாயிறு பாட்மின்டன். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் ஸ்ட்ரெச்சிங் கட்டாயம் என்கிறார் பயிற்சியாளர். நண்பரோ அதெல்லாம் வீண் என்கிறார். வயதானபின் உடம்பு இறுகிப்போகாமல் இருக்க இது உதவுமா?

பதில்: உதவும். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் அது வேண்டாம்.

அசையாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஒரு தசைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செய்துவிட்டு உடனே களத்தில் இறங்கினால், அந்தத் தசையின் பலம் சராசரியாக 4, 5 சதவீதம் குறைகிறது. அரை நிமிடம் பிடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, அப்புறம் நாலு தாவு தாவினால் சரியாகிவிடும். அதனால் முதலில் மெல்ல ஓடுங்கள், காலை முன்னும் பின்னும் வீசுங்கள், லஞ்ச் (ஒரு காலை நீட்டி முன்னால் வைத்து, முட்டியை மடக்கி இறங்குவது) போட்டபடி நடங்கள், கடைசியில் இரண்டு மூன்று வேக ஓட்டம். பத்து நிமிடம் இதற்கே போய்விடும்.

காயம் வராது என்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சிக்கு முன் கால் தசைகளை இழுக்க வைத்து 12 வாரம் பார்த்தார்கள் (2000இல் வெளியான ஆய்வு). காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மறுநாள் வரும் உடம்பு வலியும் இதனால் குறைவதில்லை.

அப்படியானால் என்னதான் பயன்? மூட்டு அசையும் எல்லை கூடும். தொடர்ந்து செய்தால் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதே, அதற்குக் காரணம் தசை நீண்டுவிட்டது என்று நினைக்கிறோம், உண்மையில் பெரும்பகுதி அந்த இழுவையை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகுவதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், உடம்பு சூடாக இருக்கும்போது, ஒரு தசைக்கு 30 நொடி வீதம் இரண்டு தடவை போதும். ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம் என்றால் கதை வேறு, அவர்களுக்கு அந்த எல்லைதான் தொழில்.

நானும் படிப்பை முடித்த புதிதில் எல்லோருக்கும் தாள் நிறைய ஸ்ட்ரெச்சிங் எழுதிக் கொடுத்தவன்தான். இப்போது எடைப் பயிற்சியை, மூட்டு அசையும் முழு எல்லை வரை மடக்கி நீட்டிச் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் கிட்டத்தட்ட அதே நெகிழ்வு கிடைக்கிறது, கூடவே பலமும். எழுபது வயதில் தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க நெகிழ்வு மட்டும் பத்தாது, தொடையில் தெம்பு வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலை மெதுவாகப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கி, முழுவதும் ஏற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

தொடையின் பின்பக்கத்தை இழுக்கும்போது கால் விரல் வரை சுர்ரென்று மின்சாரம் பாய்வதுபோல இருந்தால், அது தசை இறுக்கமாக இல்லாமல் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் இழுத்தால் சரியாகிவிடும் என்று பிடித்துக்கொண்டிருக்காமல், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.