புரதக் கணக்கு சரி, லைசின் கணக்கு?

கேள்வி: ஐயா, 25 கிலோ எடையில் வாங்கிய எட்டுப் பன்றிகள் 45 நாளாகியும் 40 கிலோவைத் தாண்டவில்லை. 100 கிலோ தீவனத்துக்கு மக்காச்சோளம் 70, கடலைப் பிண்ணாக்கு 27, தாது உப்பும் சாதா உப்பும் சேர்த்து 3 கிலோ போடுகிறேன். புரதம் 18 சதவீதம் வருகிறது. குடற்புழு மருந்தும் கொடுத்தாயிற்று. முதுகில் கொழுப்புதான் ஏறுகிறது. பிண்ணாக்கை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். உங்கள் 18 சதவீதக் கணக்கில் தப்பில்லை. ஆனால் பன்றிக்குத் தேவை அந்த எண் இல்லை. ஆய்வகத்தில் தீவனத்தின் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதித் தருகிறார்கள். அது என்ன புரதம் என்று அதில் தெரியாது. (யூரியா கலந்த பிண்ணாக்குக்கும் அந்த எண் ஏறும், பன்றிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.)

தானியத் தீவனத்தில் வளரும் பன்றிக்கு முதலில் பற்றாக்குறை ஆவது லைசின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று. 20 முதல் 50 கிலோ வரை தீவனத்தில் அது 1 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் கலவையைப் பார்ப்போம். மக்காச்சோளத்தில் லைசின் 0.25 சதவீதம், கடலைப் பிண்ணாக்கில் சுமார் 1.5. இரண்டும் சேர்ந்து 0.58-தான் தேறுகிறது. பத்துச் சட்டைக்குத் துணி வாங்கிவிட்டு ஆறு சட்டைக்குத்தான் பொத்தான் வைத்திருக்கிறீர்கள். மீதித் துணியைப் பன்றி என்ன செய்யும்? நைட்ரஜனைப் பிரித்துச் சிறுநீரில் தள்ளும், எஞ்சியதைக் கொழுப்பாக்கும். காலையில் கொட்டகையில் குனிந்தால் அந்தச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயுவால் கண் எரிகிறதா? காற்றோட்டக் குறையும் இருக்கலாம், ஆனால் வீணாகும் புரதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அதே 27 கிலோவைச் சோயாப் பிண்ணாக்காக மாற்றிப் பாருங்கள். அதில் லைசின் 2.8 சதவீதம். புரதம் அதே 18-தான், லைசின் மட்டும் 0.93 ஆகிவிடும். பச்சைச் சோயாவை மட்டும் அரைத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வறுத்தாலோ வேக வைத்தாலோதான் போகும்.

கையிருப்பில் கடலைப் பிண்ணாக்கு இருந்தால் இரண்டையும் பாதிப்பாதி, 13.5 கிலோ வீதம் போட்டு, லைசின் தூள் 250 கிராம் சேருங்கள். 0.95 வந்துவிடும். தூளை முதலில் இரண்டு கிலோ மாவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் கலக்க வேண்டும். நேராகக் கொட்டினால் ஒரு பன்றிக்கு எல்லாம், ஏழு பன்றிக்கு ஒன்றுமில்லை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை யோசிக்காமல் ஒதுக்குங்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைத்தான் முதலில் தாக்கும், வேக வைத்தாலும் போகாது.

சோயா விலை கூடுதல், உண்மைதான். ஆனால் கடைசி வரை இதே அளவு தேவையில்லை. 50 கிலோ தாண்டியதும் மக்காச்சோளம் 75, சோயா 22 போதும் (புரதம் 16, லைசின் 0.8). 80 கிலோவுக்கு மேல் 81, 16 (புரதம் 14, லைசின் 0.65). தாது உப்பு அதே 3 கிலோ. மாற்றும்போது நாலைந்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். காயடித்த ஆண் அதிகம் தின்று சீக்கிரம் கொழுக்கும், பெட்டை குறைவாகத் தின்னும். தனித்தனியாகக் கட்ட இடமிருந்தால் பெட்டைக்குப் புரதத்தைச் சற்றுத் தாமதமாகக் குறைக்கலாம்.

எடை போடத் தராசு இல்லையென்றால் தீவனம் தின்னும்போது அளவு நாடாவை எடுங்கள், அப்போதுதான் பன்றி அசையாமல் நிற்கும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 14,400-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவும் நீளமும் 80 என்றால் 35.5 கிலோ. தீவனம் மாற்றிய அன்றும் 15 நாள் கழித்தும் அளந்து பாருங்கள். நல்ல இனமாக இருந்தால் இந்த வயதில் நாளுக்கு அரைக் கிலோவாவது ஏற வேண்டும்.