உப்புத் தண்ணீரில் ஏஞ்சல் மீன் முட்டை ஏன் வெளுக்கிறது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பில் நான்கு சிமென்ட் தொட்டிகளில் வண்ண மீன் வளர்க்கிறேன். போர் தண்ணீர்தான். பிஎச் (கார அமில அளவு) 8.2, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 640. கப்பியும் மோலியும் நன்றாகக் குட்டி போடுகின்றன. ஏஞ்சல் முட்டை மட்டும் மறுநாளே வெளுத்துவிடுகிறது. வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். மார்கழியில் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்தன. என்ன செய்யலாம்?

பதில்: கப்பியும் மோலியும் குட்டி போடுகிற தண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டுக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர்தான் பிடிக்கும். மோலி கழிமுகத்து உப்பைக்கூடத் தாங்கும். ஏஞ்சல் அமேசான் ஆற்று மீன். வளர்வதற்கு உங்கள் தண்ணீரில் வளர்ந்துவிடும், ஆனால் கடினத்தன்மை, அதாவது அந்தச் சுண்ணாம்புச் சத்து, கூடினால் முட்டை சரியாகச் சினைப்படாது. சினைப்படாத முட்டையில் பூஞ்சை ஏறும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான்.

பிஎச் குறைக்கும் மருந்து வாங்கிவிடாதீர்கள். இன்று ஊற்றினால் இறங்கும், கடினத் தண்ணீரில் இரண்டு நாளில் பழையபடி ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டும். அதைவிட, ஓட்டுக் கூரையில் விழும் மழைத்தண்ணீரைப் பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள், தூசியும் எச்சமும் அதில்தான் வரும். மூன்று குடம் மழைத்தண்ணீருக்கு ஒரு குடம் போர் தண்ணீர் கலந்தால் டிடிஎஸ் 160 பக்கம் வந்துவிடும். மழைத்தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது, பிஎச் நிலையாக நிற்காது. இந்தக் கலவை முட்டை வைக்கும் ஜோடிக்கு மட்டும் போதும். அதற்குச் சிமென்ட் தொட்டியும் வேண்டாம், சுவரிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். கண்ணாடித் தொட்டி வையுங்கள். நாட்டு வாதாம் மரத்துச் சருகு இரண்டு போட்டு, தண்ணீர் லேசாக டீ நிறமானால் நல்லதுதான்.

அடுத்தது, முழுத் தண்ணீரையும் மாற்றுவது. அதை இன்றே நிறுத்துங்கள். வாரம் கால் பங்கு போதும். போரிலிருந்து வந்த கையோடு ஊற்றாமல், ஒரு நாள் டிரம்மில் வைத்து ஏர் மோட்டார் ஓடவிடுங்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு. பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் தீனியையும் அளந்து போட வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு பிஎச் 7.2-ல் இருப்பதைப்போல 8.2-ல் ஏறக்குறைய பத்து மடங்கு.

மார்கழிக் கோளாறு குளிரால் வந்தது. பாலக்காட்டுக் கணவாயில் அப்போது அடிக்கிற கீழைக்காற்று உங்களுக்குத் தெரியாததா? தண்ணீரைக் குளிர்விப்பதோடு உறிஞ்சியும் விடும். குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். கிழக்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டி, ராத்திரி தொட்டியைத் தார்ப்பாயால் மூடுங்கள், ஓரத்தில் காற்றுக்கு இடம் விட்டு. விடியற்காலையில் தெர்மாமீட்டர் 24-க்குக் கீழே போகாமல் இருந்தால் நிம்மதி. முட்டைத் தொட்டிக்கு மட்டும் ஹீட்டர் போட்டு 27, 28-ல் வையுங்கள். இரண்டு, மூன்று நாளில் பொரித்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு முட்டை வெளுத்தால், ஜோடியையே சந்தேகப்பட வேண்டும். இரண்டும் பெண்ணாக இருந்தாலும் ஜோடி சேர்ந்து, முட்டை ஒட்ட வைத்திருக்கும் ஓட்டைத் துடைத்து முட்டை வைக்கும். முட்டை வைக்கிற நேரத்தில் வயிற்றடியில் நீளும் குழாயைப் பாருங்கள். ஆணுக்கு ஒல்லியாகக் கூர்மையாக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாக இருக்கும்.