எழுத்தறிவுச் சான்றிதழ் இருக்கிறது, மேற்பார்வையாளர் ஆக முடியுமா?

கேள்வி: நகராட்சியில் 19 வருடமாக நிரந்தரத் தூய்மைப் பணியாளராக இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தே மறந்துபோயிருந்தது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்பில் சேர்ந்து, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினேன். இப்போது எங்கள் வார்டில் ஆள் வருகையும் வண்டி நடைக் கணக்கும் நான்தான் எழுதுகிறேன். இதை வைத்து மேற்பார்வையாளர் பதவி கேட்கலாமா? மூன்றே மாதத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. கொடுக்காதீர்கள். முன்பணமாக ஐந்நூறு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நகராட்சி அலுவலகங்களில் பல வருடம் பணிப்பதிவேடு, அதாவது ஊழியரின் பிறந்த தேதி, படிப்பு, பணி விவரங்கள் எழுதிவைக்கும் ஏடு, பார்த்தவன் நான். இப்படி வாங்கிய சான்றிதழ்களை என் கையாலேயே உண்மைத்தன்மை அறிய அனுப்பியிருக்கிறேன். 'எங்கள் பதிவில் இல்லை' என்று பதில் வந்த அன்று அந்தத் தொழிலாளி என் மேசைக்கு முன்னால் நின்றது இன்னும் மறக்கவில்லை. பதவி உயர்வு போனதோடு நிற்கவில்லை, இருந்த வேலைக்கும் ஒழுங்கு நடவடிக்கையாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விற்ற ஆள் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டான். இந்த ஆட்கள் உண்மையான திறந்தநிலைப் பள்ளியின் பெயரை ஒட்டியே தங்கள் 'வாரியத்துக்கு' பெயர் வைத்திருப்பார்கள். முத்திரையும் ஹாலோகிராமும் பளபளவென்று இருக்கும். தேர்வுக் கூடத்துக்குப் போகாமல் கிடைக்கும் சான்றிதழ் எதுவானாலும் அது வெறும் காகிதம். இன்னொரு வகை ஆள், பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் நேரே பட்டம் வாங்கித் தருகிறேன் என்பான். அந்த வழியில் வரும் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை 107 சொல்லிவிட்டது.

சரி, கையில் இருக்கும் சான்றிதழுக்கு வருவோம். வாசித்தல், எழுதுதல், கணக்கு மூன்றிலும் ஐம்பது ஐம்பது மதிப்பெண், மொத்தம் 150-க்கு நடந்த தேர்வு அது. நீங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கோ பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கோ அது ஈடாகாது. பயிற்சி முடித்தவர்களுக்குத் தரும் திறன் சான்றிதழ்களும் அப்படித்தான்.

நீங்கள் போக வேண்டிய வழி அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு, அதாவது பள்ளியில் சேராமல் நேரே தேர்வெழுதுபவர்களுக்கு, நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்தவர் யாரும் எழுதலாம். அதில் தேறியபின் பத்தாம் வகுப்பு எழுதலாம். மேற்பார்வையாளர் பதவிக்கு எந்த வகுப்பு தேவை என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்காதீர்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2023-இல் புதிய விதிகள் வந்துவிட்டன, பலர் இன்னும் பழைய நினைப்பில்தான் பேசுகிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'என் பதவியிலிருந்து அடுத்த பதவிக்கு என்ன கல்வித் தகுதி, எந்த விதியின்படி?' என்று இரண்டே வரியில் எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள். இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வேலையில் சேர்ந்தபோது பணிப்பதிவேட்டில் ஒரு தேதி எழுதியிருப்பார்கள். நீங்கள் மூன்றாவது படித்த பள்ளியின் பதிவுத்தாளில் வேறு தேதி இருக்கலாம், ஆதாரில் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். பதிவேட்டுத் தேதியை மாற்றக் கேட்பதற்குப் பணியில் சேர்ந்து ஐந்து வருடம்தான் அவகாசம். உங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. புதிய சான்றிதழ் வேறு தேதியோடு வந்தால் பதிவேடு மாறாது, தணிக்கையில் கேள்விதான் வரும். 'ஓய்வைத் தள்ளிப்போட வயதைக் குறைத்துவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். தேதிகள் ஒத்திருந்தால் கவலை இல்லை. வேறுபட்டால் எந்த ஆவணத்தையும் திருத்த முயலாதீர்கள், திருத்தித் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். எந்தத் தேதி எந்த ஆவணத்தில் இருக்கிறது, பதிவேட்டுத் தேதியில் மாற்றம் கேட்கவில்லை என்று ஆணையருக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். பெயரின் எழுத்துகளையும் இதேபோல் பாருங்கள். 'செல்வி' ஓரிடத்தில் 'தமிழ்ச்செல்வி' ஆகியிருந்தால் அதுவும் கேள்விதான்.

தேர்வெழுதப் போவதை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். தேறியதும் அசலையும் நகலையும் காட்டி, உண்மைத்தன்மை பெற்றுப் பதிவேட்டில் பதியக் கோருங்கள். பதிந்தாகிவிட்டது என்று எழுத்தர் வாயால் சொன்னால் போதாது. பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும் நாளில் அந்த வரி இல்லையென்றால் நீங்கள் படித்தது யாருக்கும் தெரியாது.

அப்புறம் அந்த வார்டுக் கணக்கு. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. எழுதத் தெரியும் என்று தெரிந்ததும் நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் எழுதுகிறவரின் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை, கீழே கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. கற்றதை வேலையில் காட்டுபவருக்கு ஓர் ஆணை போட அரைப் பக்கம் போதும், அதற்கும் மனம் வருவதில்லை. சுகாதார ஆய்வாளரிடம் எழுத்துப்பூர்வமான பணி ஒதுக்கீடு கேளுங்கள். கூடுதல் சம்பளம் கேட்கவில்லை, எந்தத் தேதியிலிருந்து இந்தப் பணியைச் செய்கிறேன் என்று குறித்துத் தந்தால் போதும் என்று எழுதுங்கள். மறுத்தால் அந்த மனுவின் ஒப்புகையாவது உங்களிடம் இருக்கும். எழுத்தறிவுச் சான்றிதழின் நகலையும் அதே மனுவோடு இணைத்துவிடுங்கள்.