மதிலை உயர்த்தும் முன் ஓடையைத் தேடுங்கள்

நாகர்கோவிலில் உங்கள் வீட்டுக்கு மேல்பக்கத் தென்னந்தோப்பு மனைகளான பிறகு, ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது, மதிலை உயர்த்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பக்கத்து வீட்டுக்குள் போகும், அவ்வளவுதான்.

5 சென்ட் மனை என்பது சுமார் 200 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு அதில் விழுவது 10,000 லிட்டர். தோப்பாக இருந்தபோது மண்ணும் தென்னந்தடமும் பெரும்பகுதியைக் குடித்துவிடும், மிச்சம் மெதுவாக இறங்கும். கூரையும் சிமென்ட் தரையும் வந்தால் 8,000 லிட்டருக்கு மேல் உடனே ரோட்டுக்கு வந்துவிடும். இது ஒரே ஒரு மனைக்கு!

நம்மூர்த் தண்ணீர் ஓடை வழியே குளத்துக்குப் போய், அது நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தில் இறங்கி, பழையாற்றோடு மணக்குடியில் கடல் சேரும். அந்த ஓடை எங்கே அடைபட்டது என்பதுதான் கேள்வி. கிராம வரைபடமும், மேல்பக்க சர்வே எண்களின் புலப்படமும் (அந்த நிலங்களின் அளவுப் படம்) வாங்கிப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கை மூடியிருந்தால், தெருவே சேர்ந்து வரைபட நகலோடு கலெக்டரிடம் திங்கள்கிழமை மனு கொடுங்கள்.

அப்புறம், உங்கள் முற்றத்து சிமென்ட்டில் பாதியையாவது பெயர்த்து மண்ணாக்குங்கள். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தள்ளிப்போடாதீர்கள்.