மகளின் ஆங்கிலத்துக்குக் கடன் எதற்கு?

உங்கள் கவலை புரிகிறது அம்மா. பள்ளிப்படிப்பு முடியப்போகிறது, பெரியப்பா பெரிய கல்லூரியில் நிர்வாகவியல் என்கிறார், அவள் ஆங்கிலம் ஆங்கிலம் என்கிறாள். "கார்ப்பரேட் ஆங்கிலம் அங்கேதானே வரும்" என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. அதற்காகக் கடன் வாங்குவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

நீங்கள் அனுப்பிய, அவள் எழுதிய இரண்டு புகார்க் கடிதங்களையும் படித்தேன். முதலாவதில் "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்" என்று தணிந்து கேட்கிறாள். பதில் வராததால் அடுத்ததில் "ஐ எக்ஸ்பெக்ட் எ ரிப்ளை பை ஃப்ரைடே". இரண்டுமே முறையான ஆங்கிலம்தான். இரண்டாவதில் பணிவு மட்டும் குறைந்திருக்கிறது. முறைமை வேறு, பணிவு வேறு என்பது வேலையில் இருக்கும் பலருக்கே பிடிபடுவதில்லை. கடினமான சொல்லைப் போட்டால் கடிதம் முறையாகிவிடும் என்று நினைத்து, 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' என்று எழுதித் தள்ளுகிறார்கள்.

ஆங்கிலத்தை வைத்துச் செய்யும் வேலைகளில் ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். தொழில்நுட்ப எழுத்து, அதாவது கருவிகளுக்கான கையேடுகள் போன்றவற்றை எழுதும் வேலை பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விமானப் பராமரிப்புக் கையேடுகளைப் படிப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அவர்களுக்காகவே ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலம், அதாவது எந்தச் சொல்லை எப்படி எழுதலாம் என்று விதி வகுத்த ஆங்கிலம் உண்டு. முதல் வழிகாட்டி 1986இல் வந்தது. இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25ஐ. 'டோன்ட்' போன்ற சுருக்கங்கள் கூடாது. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதியைக் கடைப்பிடிக்கச் சொல்ல 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். கட்டளை நேராக வரும், குழைவு இருக்காது. ஆனால் அதில் அதிகாரத் தொனியும் இல்லை, ஏனென்றால் அங்கே முக்கியம் படிப்பவரின் மரியாதை அல்ல, கையில் இருக்கும் திருகு. விமானத் துறைக்கு வெளியேயும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அரசு, சட்டம் பக்கமும் இதே கைத்திறனுக்கு இடமிருக்கிறது. அமெரிக்காவில் 2010இல் எளிய எழுத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. எளிய மொழிக்கான ஐஎஸ்ஓ தரம் 2023இல் வெளியானது.

இதற்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், சரி. மொழியோ அறிவியலோ, கடனில்லாமல் முடிக்கக்கூடிய கல்லூரியில் படிக்கட்டும். நான் சொன்ன அந்த விதிநூல் கேட்டு விண்ணப்பித்தால் இலவசமாகவே கிடைக்கிறது. அதைச் சொல்லித் தருவதாகப் பெரும் தொகை கேட்கும் வகுப்பில் இப்போது சேர்க்காதீர்கள்.

இந்த விடுமுறையில் வீட்டிலிருக்கும் ஏதாவதொரு கருவியின் கையேட்டை அந்த விதிப்படி அவளே மாற்றி எழுதிப் பார்க்கட்டும். பத்துப் பக்கத்துக்குள் அலுத்துவிட்டால் வேறு வழி பேசுவோம். அலுக்காவிட்டால், பெரியப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான்; அவளை அனுப்பாதீர்கள்.