பிரசவத்தோடு ஆபரேஷனா, காப்பர்-டியா?

கேள்வி: எனக்கு 24 வயது. அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். "அதோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் முடித்துவிடு" என்கிறார் மாமியார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. காப்பர்-டி, ஊசி, மாத்திரையை எல்லாம் நம்பலாமா?

பதில்: முடிவைப் பிரசவ வார்டுக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள். என் முதல் பிரசவத்தில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு வலி வந்துகொண்டிருந்தபோதுதான் நர்ஸ் படிவத்தை நீட்டினார். எதற்கு என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். காப்பர்-டிக்காம். நஞ்சு விழுந்த கையோடு போட்டுவிட்டார்கள்.

முதல் ஆறு மாதம் தீட்டு அதிகமாகப் போனது, அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பிறகு அது இருப்பதே மறந்துபோனது. நாலு வருடம் கழித்து அடுத்த குழந்தைக்காக எடுக்கப் போனேன். பயந்துகொண்டே படுத்திருந்தேன். டாக்டர் "ஒருதரம் இருமும்மா" என்றார். இருமி முடிப்பதற்குள் அது அவர் கையில் இருந்தது. மூன்றாவது மாதம் நாள் தள்ளியது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகும் நானே கேட்டு அதையே போட்டுக்கொண்டேன்.

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் செய்தார்கள். அப்போது அவளுக்கு 23 வயது. மூன்று வருடத்தில் சின்னவன் காய்ச்சலில் போய்விட்டான். கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அவளும் செய்துகொண்டாள். ஆனால் அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை, குழாயிலேயே கரு தங்கும் ஆபத்தும் உண்டு. அவளுக்குக் கரு தங்கவே இல்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. 24 வயதில் "இனி வேண்டாம்" என்பதை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரசவமான ஏழு நாளுக்குள் சின்ன வெட்டோடு முடிந்துவிடும், அப்புறம் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், 380ஏ வகைக் காப்பர்-டியும் கிட்டத்தட்ட அதே அளவு பாதுகாப்புத் தரும் என்பது. இரண்டிலுமே முதல் வருடத்தில் கரு தரிப்பது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. காப்பர்-டி 10 வருடம் வரும், அரசு மருத்துவமனையில் இலவசம். பிரசவத்தோடு போட்டால் நழுவி வெளியே வர வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். அதனால் ஆறு வாரம் கழித்துப் போய், இடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கர்ப்பப்பையில் தொற்று இருந்தால் இது கூடாது.

அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தீட்டு தாறுமாறாக வரும், சிலருக்கு நின்றே போகும். நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதங்கள் ஆகும். மாலா-என் ஹார்மோன் மாத்திரை, தினமும் போட வேண்டும்; தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு அது வேண்டாம். சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவர்களும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. மாத்திரையை மறந்தால் பலன் போய்விடும். கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும்போது மறக்கத்தான் செய்யும்.

சரி, உங்கள் கணவரிடம் யாராவது கேட்டார்களா? ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனான தழும்பில்லாத வாசெக்டமி சில நிமிட வேலை. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியானால் போதும். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்வதைவிட இது எவ்வளவோ எளிது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் திருமணமான 15-49 வயதுப் பெண்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாசெக்டமியும் நிரந்தர முறைதான் என்பதால், இருவருக்கும் உறுதி வந்தபிறகு பேசுங்கள்.

நீங்கள் ஆபரேஷனே செய்துகொண்டாலும், அரசு விதிப்படி கணவர் சம்மதம்கூடக் கட்டாயமில்லை, உங்கள் கையெழுத்துப் போதும். எதுவானாலும் அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லி, தாய்-சேய் நல அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். வலி வரும்போது யாரும் உங்களிடம் புதிதாகக் கேட்க வேண்டியிருக்காது.