கிரானைட் மேடையில் மஞ்சளும் எண்ணெயும்

கேள்வி: எங்கள் சமையல் மேடை வெளிர் நிற கிரானைட். அடுப்பு ஓரம் எண்ணெய் இறங்கிக் கையகலத்துக்குக் கருத்துவிட்டது. மிக்ஸி பக்கம் மஞ்சள் கறை. சோப்பு போட்டால் அது சிவப்பாகிறது. என்ன செய்யலாம்?
(வாசகி, ஈரோடு)

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். கறை கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டது. கம்பி நார் போட்டால் பாலிஷ்தான் போகும். உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய்க்கு அரை கப் ஆப்ப சோடாவில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வேண்டும். கறையைத் தாண்டி ஒரு விரல் அகலம் வரை, கால் அங்குல கனத்துக்கு அப்பி, பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, பசையைத் தானாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு வழித்துவிடுவதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறிப் பசைக்குள் வரும். பழைய கறைக்கு மூன்று, நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும்.

மஞ்சளுக்கு இந்தச் சோடா ஆகாது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் நடப்பதுதான் உங்கள் மேடையிலும் சோப்பால் நடந்திருக்கிறது. மருந்துக் கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டு வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்து, டிஷ்யூ தாளை நனைத்துக் கறைமேல் போட்டு மூடிவையுங்கள். சில மணி நேரத்தில் வெளுக்கும். கையுறை அவசியம். மூலையில் சிறிது சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். கருப்பு நிறக் கல்லில் வேண்டாம், அந்த இடம் மட்டும் வெளிறக்கூடும்.

கறை போன பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் பாருங்கள். அந்த இடம் கருத்தால் சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) தேவை. கல் நன்றாகக் காய்ந்தபின் பூசி, டப்பாவில் சொன்ன நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். விட்டால் மங்கலான படலமாக ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: சிங்க் ஓரத்தில் போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஆசிட் போடலாமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: கூடாது. பாத்ரூம் ஆசிட் கல்லின் மினுமினுப்பைக் கெடுக்கும், எஃகு சிங்க்கையும் அரிக்கும். ஈரத்துணியை அரை மணி நேரம் போட்டு ஊறவைத்து, புது பிளேடைக் கல்லோடு படுக்கவைத்தாற்போல் பிடித்துச் சுரண்டுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் கீறும். இரவு படுக்கப்போகும்முன் அந்த ஓரத்தை உலர் துணியால் துடைத்துவிட்டால் உப்பு படிவதே குறையும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் வேண்டாம். இரண்டு நாள் மினுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

கேள்வி: மார்பிள் மேடைக்கும் இதே முறைதானா?
(வாசகி, மதுரை)

பதில்: எண்ணெய்க் கறைக்கு மட்டும். எலுமிச்சை, புளி, தயிர் பட்டு மங்கிய இடம் கறை அல்ல, கல்லே கரைந்த தழும்பு. மார்பிள் பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும்.